தாடையைத் தூக்கிப் பிடி

போலீசுக்கு நான் குட்டை, மாப்பிள்ளை வீட்டாருக்கு நான் நெட்டை. அதே உடம்புதான், அதே வருஷம்தான். ஒரு பக்கம் நீட்டச் சொன்னார்கள், இன்னொரு பக்கம் மடக்கச் சொன்னார்கள். இரண்டையும் செய்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், நீட்டுவதுதான் கஷ்டம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

எங்கள் ஊர் காரிமங்கலத்துக்குப் பக்கத்தில், மழையை நம்பிய நிலம். மழை வந்தால் ராகி, துவரை. வராவிட்டால் ஆடுதான் சோறு போடும். அப்பா பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட்டதால் ஆடு வளர்ப்பதும் சந்தையில் விற்பதும் அம்மாவின் பொறுப்பு. அம்மாவுக்கு ஒத்தாசை நான். சந்தை நாளும் லீவு நாளும் சேர்ந்து வந்தால் எனக்குத் தப்பிக்க வழியே கிடையாது, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றே ஆகவேண்டும்.

சந்தையில் ஆட்டை எடுத்த எடுப்பில் யாரும் தராசில் வைக்க மாட்டார்கள். முதலில் கண், பிறகு கை. வாங்க வந்தவர் முதுகுத்தண்டை அழுத்திப் பார்ப்பார், வயிற்றுக்கடியில் கை கொடுத்துத் தூக்கிப் பார்ப்பார், வாயைப் பிரித்துப் பல்லைப் பார்ப்பார். எல்லாம் முடிந்து நாலு அடி பின்னால் போய் நின்று ஆட்டின் உயரத்தைப் பார்ப்பார். அந்த நேரத்துக்காகத்தான் அம்மா காத்திருப்பாள். "தாடையைத் தூக்கிப் பிடி" என்று என் காதில் சொல்வாள். நான் ஆட்டின் தாடைக்கடியில் விரல் கொடுத்துத் தூக்குவேன். கழுத்து நீளும், முன்னங்கால் விறைக்கும், சாதாரணக் கிடாய் பார்க்கப் பெரிய ஆளாகிவிடும். அம்மா அப்போது வேறு எங்கேயோ வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த ஆட்டுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாததுபோல இருக்கும் அவள் முகம்.

ஆட்டுக்குச் செய்ததற்கு நேர் எதிராக எனக்குச் செய்தாள். பெண் பார்க்க ஆள் வருகிறார்கள் என்றால், சேலை கட்டிவிடும்போதே பாடம் ஆரம்பமாகிவிடும். "தலையைக் குனிஞ்சே நில்லு. முட்டியை லேசா மடக்கிக்க. சேலைக்குள்ள யாருக்குடி தெரியப்போவுது?" எங்கள் பக்கத்துப் பையன்கள் அப்படியொன்றும் வளர்ந்து கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு நடுவில் நான் கொஞ்சம் ஓங்கித் தெரிவேன், அவ்வளவுதான்.

ஒரு மாப்பிள்ளையின் அம்மா, "பையன் பக்கத்துல நிக்கட்டுங்க, ஒரு பார்வை பாத்துடறோம்" என்றார். மாதா படத்துக்குக் கீழே எங்கள் இருவரையும் நிறுத்தினார்கள். நான் முட்டியை மடக்கினேன். தலையைக் குனிந்திருந்ததால் மாப்பிள்ளையின் பாதம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. பாவம், அவர் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றார். அவர் ஏறினார், நான் இறங்கினேன், அப்படியும் கணக்கு ஒத்துவரவில்லை. "பொண்ணு கொஞ்சம் ஒசரங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். காப்பியை மட்டும் சொட்டு விடாமல் குடித்துவிட்டுப் போனார்கள். எனக்கு வந்த கோபத்தில் டம்ளர்களைக் கழுவவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கோபத்தில்தான் போலீஸ் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டேன். எழுத்துத் தேர்வில் தேறியும் விட்டேன். ஓட்டம் எனக்குப் பிரச்சினையே இல்லை. கயிறு அறுத்த ஆட்டைத் துரத்திய கால்கள் இவை. மிச்சம் இருந்தது உயரம் ஒன்றுதான். அதுதான் எனக்கு அதிகமாக இருப்பதாக ஊரே சொல்லிக்கொண்டிருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். எதற்கும் இருக்கட்டுமென்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் அளந்து பார்த்தேன். நர்ஸ் அம்மா கருவியை ஏற்றினார், இறக்கினார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "பத்தும்னும் சொல்லலாம், பத்தாதுன்னும் சொல்லலாம்" என்றார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

அடுத்த தேர்வு அறிவிப்பு வரும்போது எனக்கு வயது தாண்டியிருக்கும். இந்த முறை விட்டால் சீருடையை மறந்துவிட வேண்டியதுதான். அதோடு, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து இன்னொரு மாப்பிள்ளை வீட்டார், அளவு எடுக்கும் நாளைத் தாண்டி வரும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மறுபடியும் சேலைக்குள் முட்டியை மடக்கி நிற்பதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மாவுக்கு விஷயம் புரிந்ததும், இத்தனை நாள் என்னை மடக்கிய அதே வேகத்தில் நீட்ட ஆரம்பித்தாள். அதுதான் அம்மா. ஒரு பக்கம் திரும்பினால் முழுதாகத் திரும்புவாள். தினமும் காலையில் என்னை வாசல் நிலையில் சாய்த்து நிறுத்துவாள். குதிகால் ஒட்டணும், முதுகு ஒட்டணும். பிறகு அவள் கை தானாக என் தாடைக்கடியில் வரும்.

"தூக்கு. இன்னும் தூக்கு. கெடா மாதிரி நிக்கோணும்."

நான் முகட்டைப் பார்த்தபடி விறைத்து நிற்பேன். அம்மா என் தலைமேல் ஒரு அட்டையை வைத்து நிலையில் கரிக்கோடு போடுவாள். அம்மா என் தோள் உயரம்தான். அண்ணாந்து, அட்டையின் முன்விளிம்பைக் குறிபார்த்துப் போடும் கோடு. அட்டை முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறதா, மட்டமாக இருக்கிறதா என்று கீழிருந்து அவளுக்கு எப்படித் தெரியும்? முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் தெரியவில்லை. கோடு வாரத்துக்கு வாரம் ஏறியது. "பாத்தியா, வளந்துட்ட" என்பாள். நாங்கள் இரண்டு பேரும் அதை நம்பினோம். சந்தோஷத்தில் ஒரு நாள் கோழி அடித்தோம்.

இதற்கு நடுவில் சித்தப்பா ஒரு செய்தி கொண்டுவந்தார். அப்பாவின் தம்பி அவர். சந்தைக்கு ஆடு ஏற்றும் சின்னச் சரக்கு வண்டி வைத்திருந்தார். ஊரில் அதைக் குட்டி யானை என்றுதான் சொல்வோம். "தூங்கி எழுந்திரிக்கறப்போ மனுசன் ஒசரமா இருப்பானாம், அண்ணி. நின்னு நடக்க நடக்கக் கொறஞ்சிடுவானாம். போன்ல ஒரு டாக்டரு சொல்றாரு" என்றார். அம்மா அதைக் கேட்ட கணமே முடிவு செய்துவிட்டாள். அளக்கும் நாளன்று நான் தரையில் கால் வைக்கக் கூடாது.

அப்படித்தான், விடிந்தும் விடியாத நேரத்தில், வண்டியின் பின்னால் வைக்கோல் பரப்பி, அதன்மேல் போர்வை விரித்து, என்னைப் படுக்க வைத்து தருமபுரிக்குக் கொண்டுபோனார்கள். வண்டி முழுக்க ஆட்டு வாடை. அம்மா என் தலைமாட்டில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டு வந்தாள். நடுவில் டீ குடிக்க நிறுத்தினார்கள். நான் எழுந்து உட்கார்ந்தால் குறைந்துவிடுவேன் என்று, ஜூஸ் கடை ஸ்ட்ரா ஒன்றை வாங்கி டீயில் போட்டுக் கொடுத்தாள் அம்மா. படுத்தபடி ஸ்ட்ராவில் சூடான டீ குடித்தவர்கள் யாராவது இருந்தால் என் நாக்குக்கு என்ன ஆனது என்று அவர்களுக்குத் தெரியும்.

தருமபுரிக்குள் நுழையும் இடத்தில் ஒரு போக்குவரத்துக் காவலர் வண்டியை மறித்தார். பின்னால் வந்து எட்டிப் பார்த்தவர் ஒரு அடி பின்வாங்கினார்.

"என்னம்மா இது, ஆளா?"

"எம் பொண்ணுங்க சார். போலீசு செலக்சனுக்குப் போறா."

"ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தாங்க இருக்கா. நின்னா கொறஞ்சிடுவா."

அவர் என்னைப் பார்த்தார். நான் படுத்தபடியே ஒரு சல்யூட் வைத்தேன். வேறென்ன செய்வது? அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நல்லாப் படுத்துக்கம்மா. நானும் செலக்சனுக்கு எங்க ஊர்லருந்து ரயில்ல படுத்துட்டுத்தான் போனேன்" என்று சொல்லி வழிவிட்டார். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. டாக்டர் சொன்னதைப் போலீஸே உறுதி செய்துவிட்டதே.

மைதானத்தின் வாசலோடு அம்மாவையும் சித்தப்பாவையும் நிறுத்திவிட்டார்கள். உள்ளே போனால் வரிசை, வரிசைக்குப் பின்னால் வரிசை. சான்றிதழ் பார்க்க ஒன்று, எண் ஒட்ட ஒன்று. வெயில் ஏறியது. அம்மா பாடுபட்டுக் காப்பாற்றிக் கொண்டுவந்த உயரமெல்லாம் நின்ற இடத்திலேயே ஒழுகிப் போவதாக எனக்குத் தோன்றியது. முன்னால் நின்ற பெண்ணும் குனிந்து குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டாள். அவளும் படுத்து வந்தவளாகத்தான் இருக்க வேண்டும்.

என் முறை வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அளவுக் கருவியின் பலகையில் ஏறினேன். குதிகாலை ஒட்டினேன், முதுகை ஒட்டினேன். அம்மாவின் கை அங்கே இல்லை, ஆனாலும் தாடை தானாகத் தூக்கிக்கொண்டது. கிடாய் மாதிரி நின்றேன். மேலிருந்து அளவுச் சட்டம் இறங்கி மண்டையில் தட்டியது. எண்ணைப் படித்தார்கள். அரை சென்டிமீட்டர் குறைவு. "அடுத்தவங்க வாங்க" என்றார்கள்.

இறங்கினேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. வாசல் நிலையில் ஏறிக்கொண்டே போன அந்தக் கரிக்கோடுகள்மேல் கோபம், அடித்த கோழிமேல்கூடக் கோபம். கேட்டைப் பார்த்து இரண்டு எட்டு வைத்தபோது, எண் ஒட்டிய மேஜையில் இருந்தவர், "மறு அளவு கேக்கறவங்க இந்தப் பக்கம் ஒக்காருங்க. பெரிய அதிகாரி வந்து அளப்பாங்க. ஒரு தடவதான்" என்றார். நான் அப்படியே திரும்பிப் போய் உட்கார்ந்தேன்.

எங்களை உட்காரவைத்த பந்தல் அளவுக் கருவிக்குப் பக்கவாட்டில் இருந்தது. வரிசையில் நின்றபோது ஏறுகிறவர்களின் முன்பக்கம்தான் தெரிந்தது. இங்கிருந்து பார்த்தால் ஒவ்வொரு பெண்ணின் பக்கவாட்டுத் தோற்றம் தெரிந்தது. சும்மா இருக்க முடியாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். சந்தையில் வளர்ந்தவளுக்கு, நிறுத்தி அளப்பதைப் பார்க்காமல் இருக்க முடியுமா?

ஒரு பெண் ஏறினாள். என்னைப் போலவே தாடையைத் தூக்கினாள். அப்போது அவள் உச்சி பின்னால் சாய்ந்து இறங்கியதை நான் பார்த்தேன். சட்டம் அந்த இறங்கிய இடத்தில் போய் உட்கார்ந்தது. அடுத்தவள் பயந்துபோய்க் காலைப் பார்த்தாள். அவளுக்கும் இறங்கியது. மூன்றாவதாக வந்தவள் எதையோ தொலைத்தவள் மாதிரி வெறுமனே எதிரே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குச் சட்டம் மேலேயே நின்றுவிட்டது.

உள்ளங்கையை என் தலைமேல் வைத்துப் பார்த்தேன். தாடையைத் தூக்கினேன், கை பின்னால் சரிந்தது. குனிந்தேன், கை முன்னால் சரிந்தது. நேரே பார்த்தேன், கை மட்டமாக, மேலே ஏறி நின்றது. மறுபடியும் செய்தேன், மறுபடியும் அதேதான். ஆடு நாலு காலில் நிற்கிறது, தாடையைத் தூக்கினால் உயரும். நான் இரண்டு காலில் நிற்கிறேன். இந்தச் சின்ன வித்தியாசம் அம்மாவுக்கும் எனக்கும் இத்தனை வாரமாகத் தோன்றவில்லை. எனக்குச் சிரிப்பு பீறிட்டது. பக்கத்துப் பெண் என்னைப் பார்த்து நகர்ந்து உட்கார்ந்தாள். ஓடிப்போய்க் கேட்டுக்கு வெளியே நிற்கும் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று கால் துடித்தது. எழுந்தால் இடம் போய்விடும் என்று கையைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்தேன்.

தெரிந்துகொள்வது வேறு, செய்வது வேறு. பெரிய அதிகாரி வந்தார், என் எண்ணைக் கூப்பிட்டார்கள், பலகையில் ஏறினேன். ஏறியதும் தாடை மேலே போயிற்று. கீழே இழுத்தேன், ஒரேயடியாகத் தலை குனிந்துவிட்டது, முட்டிகூட லேசாக மடங்கியது. என் உடம்புக்கு இந்த இரண்டு நிலைதான் தெரியும். விற்கிற மாதிரி நிற்கத் தெரியும், பெண் பார்க்க வந்தவர்கள்முன் நிற்கத் தெரியும். நடுவில் ஒன்று இருப்பதாக யாரும் எனக்குச் சொன்னதே இல்லை. அதிகாரி சட்டத்தைக் கையில் பிடித்துவிட்டார்.

அப்போது அளவைக் குறிப்பதற்காக ஒரு பெண் காவலர் எனக்கு நேர் எதிரில் வந்து நின்றார். தற்செயலாகத்தான் நின்றார். நிமிர்ந்தால் அவர் கண் என் கண்ணுக்கு நேராக இருந்தது. நான் அந்தக் கண்ணைப் பிடித்துக்கொண்டேன். முன்பின் தெரியாத ஒருவரை, அதுவும் காக்கிச் சட்டை போட்டவரை, நான் வாழ்க்கையில் அப்படிப் பார்த்ததில்லை. இமைக்கவில்லை. முட்டி தானாக விறைத்தது. சட்டம் தலையில் தட்டியது. அதிகாரி குனிந்து எண்ணைப் பார்த்தார், இன்னொரு முறை பார்த்தார், சத்தமாக வாசித்தார்.

பத்தியது. மயிரிழையில் பத்தியது.

"என்னாம்மா, அப்படி மொறைக்கிற?" என்று அந்தக் காவலர் கேட்டார். "ஒண்ணுமில்லீங்க மேடம், ரொம்ப நன்றிங்க மேடம்" என்றேன். எதற்கு நன்றி என்று அவருக்கு விளங்கியிருக்காது. பிறகு ஓட்டத்துக்கு விட்டார்கள். நான் ஓடிய ஓட்டத்தை ஓட்டம் என்றே சொல்லக் கூடாது, பறந்தேன். ஓடும்போது சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டே ஓடினேன். முடிவுக்கோட்டில் இருந்தவர், "போதும், நில்லு, முடிஞ்சிடுச்சு" என்று கையைக் காட்டியும் கொஞ்ச தூரம் போன பிறகுதான் நின்றேன்.

கேட்டுக்கு வெளியே அம்மா ஜெபமாலையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு நின்றாள். என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். "தாடையைத் தூக்குனியா?" என்றுதான் முதலில் கேட்டாள். நான் தூக்கியதால்தான் கெட்டது என்று, வண்டியில் வரும்போது, என் தலையிலும் அவள் தலையிலும் கையை வைத்துக் காட்டி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "போடி. படுத்துட்டு வந்ததுல ஒசந்துட்ட, தாடைய தூக்குனதுல நின்னுட்ட. கையை வெச்சிப் பாத்தாளாம்" என்றாள். அன்றைக்கே மாப்பிள்ளை வீட்டுக்கு போன் போட்டு, "வர வேணாங்க. பொண்ணு ஒசரந்தாங்க, அதனாலதான் எடுத்துக்கிட்டாங்க" என்று சொல்லிவிட்டாள். அவள் குரலில் இருந்த திமிரை நான் இன்றும் ரசிக்கிறேன்.

என் வேலை நிலைத்தது. அம்மாவின் புகழும் நிலைத்தது. எங்கள் சுற்று வட்டாரத்தில் எந்தப் பெண் போலீசுக்கு விண்ணப்பித்தாலும் முதலில் எங்கள் வீட்டு வாசல் நிலைக்குத்தான் வருகிறாள். அம்மா அட்டையோடு தயாராக இருக்கிறாள். நான் லீவில் போகும்போதெல்லாம் சண்டை போடுகிறேன். "நீ ஏறுனது என் கோட்டுலதான்டி" என்று நிலையைக் காட்டுகிறாள்.

இந்த முறை பெண்களுக்கான அளவெடுப்பில், உயரம் குறிக்கும் இடத்தில் எனக்கு வேலை போட்டிருந்தார்கள். அட்டையும் பேனாவுமாக நின்றேன். அங்கே நாங்கள் வாய் திறக்கக் கூடாது. அதிகாரி சொல்வதை எழுத வேண்டும், அவ்வளவுதான். காலையிலிருந்து எத்தனையோ பேர் ஏறி இறங்கினார்கள். வெயில் ஏறிய நேரத்தில் ஒருத்தி வந்தாள். பின்னலில் ஒரு வைக்கோல் துரும்பு ஒட்டியிருந்தது. பலகையில் ஏறினாள், குதிகாலை ஒட்டினாள், முதுகை ஒட்டினாள். பிறகு தாடையைத் தூக்கி, கிடாய் மாதிரி விறைத்து வானத்தைப் பார்த்தாள்.

எனக்கு அவள் யாரென்று தெரியாது. யார் பழக்கிவிட்டது என்று நன்றாகத் தெரிந்தது. எட்டிப் போய் அந்தத் தாடையைக் கீழே இழுத்துவிடலாம் போலக் கை பரபரத்தது. அதிகாரி சட்டத்தைப் பிடித்தார். நான் எழுதுகிற சாக்கில் இரண்டு எட்டு நகர்ந்து அவளுக்கு நேர் எதிரில் போய் நின்றேன். அவள் வெறுங்காலோடு ஏறி நின்ற பலகையின் கனமும் என் பூட்ஸின் அடிக்கனமும் ஒன்றுக்கொன்று சரியாகப் போகும். அதை நான் வந்த முதல் நாளே பார்த்து வைத்திருந்தேன். தொண்டையை லேசாகச் செருமினேன். அவள் வானத்திலிருந்து இறங்கி என்னைப் பார்த்தாள், பயந்து கண்ணைத் தாழ்த்தப் போனாள். நான் கண்ணை எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை.

நல்ல உயரமான காவலர்கள் அங்கே எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்களில் யார் எதிரில் நின்றிருந்தாலும் அவள் அண்ணாந்துதான் பார்த்திருப்பாள். எல்லைக்கோட்டில் நிற்கிறவளின் கண்ணுக்கு நேராக நிற்க, மயிரிழையில் தேறி வந்த ஒருத்தியால்தான் முடியும். சட்டம் அவள் தலையில் தட்டியது. அதிகாரி எண்ணை வாசித்தார், பத்தியது. அதற்குப் பிறகுதான் நான் கண்ணை எடுத்து அந்த எண்ணை எழுதினேன்.